ஏற்காட்டு விடுதியின் மரச்சில்லு பாய்லர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் குழாயைத் திறந்து கையை நீட்டினால் விரல் மரத்துப்போகும். அதே நேரத்தில் கீழே சேலத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரமும்தான். இந்தக் குளிரில் எங்கள் விடுதிப் பிள்ளைகளுக்கு வெந்நீர் தருவது, மரத்தைச் சிறு துண்டுகளாக அரைத்த சில்லை எரிக்கும் பாய்லர். இந்த யோசனை புதிதல்ல.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1980-களிலிருந்தே பள்ளிகள் மரச்சில்லு எரித்துக் கட்டடத்தைச் சூடாக்குகின்றன. மொன்டானாவில் டார்பி என்றொரு சிற்றூர். 2000-ஆம் ஆண்டில் அந்தப் பள்ளத்தாக்கே காட்டுத்தீயில் வெந்தது. காட்டில் நெருக்கமாக வளரும் சிறுமரங்களைக் கழித்தால்தான் தீ பரவாது, ஆனால் கழித்ததை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 2003-இல் ஊர்ப் பள்ளிகளுக்கு மரச்சில்லு பாய்லர் வைத்து அதில் எரித்தார்கள். அங்கே பனி கொட்டும், வகுப்பறையே சூடாக வேண்டும். நம் மலையில் வகுப்பறைக்கு ஸ்வெட்டர் போதும். பிள்ளைகள் குளிக்கவும் சமையலறைக்கும் வெந்நீர் வந்தால் சரி. என்றாலும் பெட்டிக்குள் எரிவது அதே மரம்தான், வருகிற கோளாறும் அதேதான்.

நான் சேலம் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் பாய்லர் பார்த்தவன். சில வருடங்களாக மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியின் பாய்லரைப் பராமரிக்கிறேன். 200 பிள்ளைகள், 60 கிலோவாட் பாய்லர், 3,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி. எரிபொருள், காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தைக் கழித்து அரைத்த சில்லு. ஆட்கள் 'சிப்ஸ்' என்பார்கள். புதிதாக வந்த சமையல் மாஸ்டர் ஒருவர் "நாளைக்கு ரெண்டு டன் சிப்ஸ் வருது" என்று காதில் விழுந்ததும் நேந்திரங்காய் என்று நினைத்துப் பதறிப்போனார். அதனால் இங்கே சில்லு என்றே எழுதுகிறேன்.

போனில் வருகிற புகாரெல்லாம் பாய்லரைப் பற்றித்தான் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பழுது சில்லில் இருக்கும். மின் பேனலைத் திறப்பதற்கு முன்னால், சில்லு கொட்டி வைக்கும் ஹாப்பரிலிருந்து ஒரு கை அள்ளிப் பாருங்கள். சில்லை உலைக்குள் தள்ளும் ஸ்க்ரூ, விசிறி, ஹாப்பர் எதில் கை வைப்பதானாலும் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் எழுதி மாட்டினால் போதாது. அட்டையைப் படிக்காமல் சுவிட்சைப் போடுகிறவர் எல்லா விடுதியிலும் ஒருவர் இருப்பார்.

தீ எரிகிறது, தண்ணீர் சூடாகவில்லை

இதுதான் முதல் புகார். மழைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரத்தில் தவறாமல் வரும்.

சில்லை உள்ளங்கையில் வைத்து இறுக அமுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். உள்ளங்கை ஈரமாக மினுங்கினால் பாதி எடை தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சில்லை எரிக்கும்போது பாய்லர் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கிப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்புகிறது. மிச்சமிருக்கிற சூடுதான் பிள்ளைகளுக்கு.

கணக்காகச் சொன்னால் இன்னும் உறைக்கும். 30 சதவீத ஈரமுள்ள சில்லு கிலோவுக்கு ஏறக்குறைய 2,900 கிலோகலோரி தரும். 50 சதவீத ஈரமென்றால் 1,900-தான். 3,000 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 1,26,000 கிலோகலோரி வேண்டும். காய்ந்த சில்லில் பாய்லர் முக்கால் பங்கு சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும் என்று வைத்தால் 58 கிலோ போதும். ஈரச் சில்லில் தீயே மந்தமாகி, கொடுக்கிற பங்கும் நூற்றுக்கு அறுபதாகக் குறையும் என்று வைத்தால் 110 கிலோ வேண்டும். எங்கள் ஸ்க்ரூ காய்ந்த சில்லுக்காக அளந்து வைத்தது. அது மூன்று மணி நேரம் ஓடியும் அந்த 110 கிலோவைத் தள்ள முடியாது. அதனால்தான் தீ எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாது.

கையால் அமுக்கிப் பார்ப்பது ஒரு குத்துமதிப்புதான். சரியாக அளக்கச் சமையலறைத் தராசே போதும். சரியாக 500 கிராம் சில்லை எடுத்து, அடி கனத்த இரும்புச் சட்டியில் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கருகக் கூடாது, கருகினால் கணக்கு கெட்டது. அரை மணிக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இனிக் குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. 350 கிராமில் நின்றால் போனது 150. அதை 500-ஆல் வகுத்தால் 30 சதவீதம். எங்கள் பாய்லருக்கு 30 வரை சம்மதம், 35 வரை பொறுத்துக்கொள்ளும், 40-க்கு மேல் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதில் ஒரு சிக்கல். தச்சர்கள் வைத்திருக்கும் இரண்டு ஊசி மீட்டர், போன தண்ணீரைக் காய்ந்த மரத்தின் எடையால் வகுத்துச் சொல்லும். அதே சில்லுக்கு 150-ஐ 350-ஆல் வகுத்து 43 என்று காட்டும். முதல் வருடம் இது தெரியாமல் ஒரு சில்லு வியாபாரியோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். அவர் 30 என்கிறார், நான் மீட்டரைக் காட்டி 43 என்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் சரி. டீக்கு அன்றைக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், வெட்டின அன்றே அரைப்பதிலிருந்துதான் பெரும்பாலும் வரும். பச்சை சில்வர் ஓக்கில் பாதி தண்ணீர். அரைத்துக் குவித்த பிறகு அது காயாது, வேகும். காபி அறுவடை முடிந்து கிளை கழிக்கிறபோதே கட்டைகளாக, தரையில் படாமல் இரண்டு குறுக்குக் கட்டைமேல் அடுக்கி, கோடை முழுக்க வெயிலில் விட்டு, மழைக்கு முன்னால் அரைப்பதுதான் சரி. அடுத்தது தார்ப்பாய். போன ஐப்பசியில் ஒரு காட்டெருமை எங்கள் கொட்டகை ஓரத்துத் தார்ப்பாயை மிதித்துக் கிழித்துவிட்டுப் போனது. கிழிசல் வழியாக இறங்கிய மழையில் ஒரு ஓரம் மட்டும் நனைந்து, மூன்று நாள் நல்ல சூடு, ஒரு நாள் பச்சைத் தண்ணீர் என்று மாறி மாறி வந்தது. காரணம் புரிய ஒரு வாரம் ஆனது.

சில்லு காய்ந்திருக்கிறது, தீயும் பளிச்சென்று இருக்கிறது, அப்படியும் தண்ணீர் சூடாகவில்லையா? புகைபோக்கியின் வெப்பமானியைப் பாருங்கள். எங்களுக்கு 160-லிருந்து 180 டிகிரி வரை வழக்கம். 240-ஐத் தொட்டால் சூடான புகை போகும் டியூபுக்குள் கரி படிந்திருக்கிறது, சூடு தண்ணீருக்குப் போகாமல் மேலே போகிறது. ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் வீண். ஆறவிட்டு டியூப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் தீர்ந்தது. வாராவாரம் செய்தால் 20 நிமிட வேலை, ஒரு பருவம் விட்டுவிட்டால் அரை நாள்.

ஸ்க்ரூ சுற்றுகிறது, உலையில் தீ இல்லை

"அண்ணா, ஹாப்பர் நெறைய சிப்ஸ் இருக்குதுங்க. ஸ்க்ரூவும் ஓடுது. தீ மட்டும் அணைஞ்சு போச்சுங்க." பாய்லர் பார்க்கும் தம்பி அதிகாலை நாலே முக்காலுக்குச் சொன்னது இது.

மேலிருந்து பார்த்தால் ஹாப்பர் நிறைந்துதான் இருக்கும். அடியில் குகை மாதிரி காலி. சில்லுகள் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூவுக்கு மேலே வளைவு கட்டி நின்றுவிடும். நாங்கள் 'பாலம் கட்டிருச்சு' என்போம். ஸ்க்ரூ வெறும் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஏன் கட்டுகிறது என்பதற்குச் சில்லையே கேளுங்கள். இரண்டு கை அள்ளி ஒரு முறத்தில் பரப்புங்கள். தீப்பெட்டி அளவில், சதுரமாக, விளிம்பு சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் நல்ல சில்லு. விரல் நீளத்துக்கு மேல் ஈர்க்கு ஈர்க்காக, நுனியில் நார் பிரிந்து தொங்கினால் அரைக்கும் மிஷினின் கத்தி மழுங்கிவிட்டது. அந்த நார்கள்தான் கொக்கி. சீமைக் கருவேலத்தை நடுவில் இரண்டு லோடு அரைத்தார்களா என்று கேளுங்கள். அது இரும்பு மாதிரி, கத்தியைத் தின்றுவிடும். அதற்கு அடுத்து அரைத்த சில்வர் ஓக் எல்லாம் நாராகத்தான் வரும். முறத்தின் அடியில் மரத்தூள் கனமாகத் தங்கினாலும் தொல்லைதான். ஈரத்தோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகும்.

பாலத்தை உடைக்க நீளமான மூங்கில் கழி போதும், வெளியே நின்றபடி, பக்கத்து ஜன்னல் வழியாக. ஹாப்பருக்குள் யாரும் இறங்கக் கூடாது. இதை மட்டும் இரண்டு முறை சொல்வேன்: இறங்கக் கூடாது. மேலே உறுதியாகத் தெரிகிற பரப்பு கால் வைத்ததும் உள்வாங்கும், ஆள் கழுத்துவரை புதைவார். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாது. மூடிய அறையில் கிடக்கும் மரச்சில்லு பிராணவாயுவைத் தின்று கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது, இருமல் வராது. ஐரோப்பாவில் மரக்குச்சி எரிபொருள் கிடங்குகளில் இப்படியே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பாய்லர் அறையில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். கிடங்குக் கதவைத் திறந்து கால் மணி நேரம் காற்றாட விட்ட பிறகு, வெளியே ஒருவர் நிற்க, வாசலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

ஸ்க்ரூ சுற்றுவதே இல்லை, அல்லது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது

மோட்டாருக்குச் சுமை கூடினால் மின்சாரத்தை வெட்டும் ஓவர்லோட் ரிலே தட்டியிருந்தால் ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஏன் தட்டியது என்று பாருங்கள். எங்கள் ஸ்க்ரூவிலிருந்து நான் இதுவரை எடுத்தவை: முழங்கை நீளக் கிளைத் துண்டு, மிளகுக் கொடியைக் கட்டும் கயிறு ஒரு சுருள், ஜல்லி, ஒரு செருப்பின் அடிப்பாகம். கயிறுதான் மகா எதிரி. தண்டில் சுற்றிக்கொண்டு உள்ளேயே உருகி இறுகிவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். தோட்டத்தில் மிளகுக் கொடியோடு சேர்த்துக் கழித்த கிளையென்றால் கயிறு கட்டாயம் இருக்கும். ரீசெட்டை மூன்று முறை அழுத்திப் பார்க்கிற பழக்கம் மோட்டாரைத்தான் எரிக்கும்.

மோட்டார் சுற்றாமல் 'உம்ம்ம்' என்று முனகினால் உடனே அணையுங்கள். மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. இடி மின்னலுக்குப் பிறகு மலையில் இது சகஜம். சிங்கிள் பேசிங் தடுப்பு ரிலே ஒன்று பேனலில் இருந்தால் அதுவே நிறுத்திவிடும். இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும் வாசம் வரும்.

எதிர்ப்பக்கம் சுற்றும் கதை வேறு. ஜெனரேட்டர் இணைப்பை மாற்றிக் கட்டிய மறுநாள் என்னை அழைத்தார்கள். ஸ்க்ரூ ஓடுகிறது, தீ இல்லை. பாலம்தான் என்று நினைத்து ஒரு மணி நேரம் கழியால் குத்தினேன். பிறகு பார்த்தால் ஸ்க்ரூவின் பின்மூடி வெளியே புடைத்திருக்கிறது. பேஸ் வரிசை மாறி, சில்லை உலைக்குத் தள்ளுவதற்குப் பதிலாகப் பின்னால் இழுத்து அடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே மோட்டாரின் முதுகில் சுற்ற வேண்டிய திசைக்கு மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி போட்டேன். ஏதாவது இரண்டு பேஸ் வயரை இடம் மாற்றினால் சரியாகும், எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

பேஸ் மாறினால் காற்று விசிறியும் திரும்பிச் சுற்றும். ஆனால் இந்த வகை விசிறி எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றை அதே வழியில்தான் ஊதும், வேகம் மட்டும் ரொம்பக் குறைந்துவிடும். கையை வைத்துப் பார்த்து "காத்து வருதே" என்று விட்டுவிடுவோம். அம்புக்குறியை அதிலும் போடுங்கள்.

புகை

தீ மூட்டின முதல் பத்து நிமிடம் புகை வருவது இயல்பு. அதற்குப் பிறகும் வந்தால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் கிளம்பி சிம்னிக்கு மேலே சற்று தூரத்தில் கரைந்து போனால் நீராவி. சில்லில் ஈரம், முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். ஆனால் ஏற்காட்டில் மூடுபனிக் காலையில் காய்ந்த சில்லின் ஆவிகூட வெள்ளையாகத்தான் தெரியும், வெயில் ஏறிய பிறகு பார்த்து முடிவெடுங்கள். நீலம் கலந்து, கண் எரிந்து, துணி காயப்போட்ட கொடிவரை வாசம் வந்தால் மரவாயு எரியாமல் போகிறது, உலை போதிய சூடாகவில்லை. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, அல்லது ஸ்க்ரூ அளவுக்கு மீறி ஊட்டுகிறது.

கறுப்புப் புகைக்கு மலைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. கீழே சமவெளியில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து அனுப்பிய விசிறி இங்கே அதே வேகத்தில் சுற்றினாலும் தீக்குப் போகிற பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவு. எங்கள் பாய்லர் முதல் மாதம் முழுக்க கறுப்பாகக் கக்கியது. சில்லைத் திட்டினோம், வியாபாரியைத் திட்டினோம். விசிறி வேகத்தைக் கூட்டியதும் அடங்கியது. சில்லைப் பழித்தது பொய்யான ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்பதால் மறக்காமல் எழுதுகிறேன்.

புகை சிம்னிக்குப் பதில் கதவிடுக்கில் வந்தால்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள் (பாய்லர் ஆறியிருக்கும்போது). சிரமமில்லாமல் வழுக்கி வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிற்று கேஸ்கெட் செத்துவிட்டது. தாளைப் பிடித்துக்கொண்டால் சிம்னியின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள், சாம்பல் அடைத்திருக்கும்.

தட்டியில் கிட்டம் கட்டுகிறது

தட்டி என்பது உலைக்குள் சில்லு கிடந்து எரியும் ஓட்டைத் தட்டு. காலையில் சாம்பல் எடுக்கப் போனால் பொடியாக வராமல், கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்புக் கட்டியாக, ஓட்டைகளோடு பாளம் பாளமாக வரும். கஞ்சமலை அடிவாரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, பழைய இரும்பு உலைகளின் கிட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எங்கள் தம்பி முதல் தடவை எடுத்துக் காட்டிவிட்டு "கல்லு எரிஞ்சுருக்குதுங்க" என்றான். அவன் சொன்னது பாதிக்கு மேல் உண்மை.

சுத்தமான மரத்தின் சாம்பல் 1,200 டிகிரிக்கு மேல்தான் உருகும், எங்கள் உலை அதுவரை போகாது. மண் கலந்தால் அதிலிருக்கும் சிலிக்காவும், இலையிலும் பட்டையிலும் இருக்கிற பொட்டாசியமும் கூடி 1,000 டிகிரிக்குக் கீழேயே இளகும். பிறகு தட்டியின் காற்று ஓட்டைகளை அடைக்கும், ஒரு பக்கம் தீ எகிறும், ஒரு பக்கம் சாகும்.

மண் வந்திருக்கிறதா என்பதைச் சாம்பல் வாளி சொல்லிவிடும். ஒரு நாளைக்கு 60 கிலோ சில்லு எரித்தால் சாம்பல் ஒரு கிலோவுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். அதைவிட இரண்டு மூன்று மடங்கு வந்தால், கட்டையைச் சேற்றில் இழுத்து வந்திருக்கிறார்கள், அல்லது குவியலை ஜேசிபி வாளியால் தரையோடு சுரண்டி ஏற்றியிருக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை சில்லைப் போட்டுக் கிளறி, சில்லை அள்ளிவிட்டு, தண்ணீரைத் தெளியவிட்டால் அடியில் செம்மண் தெரியும். வியாபாரியிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி அரைத்து இலவசமாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்புங்கள். வேரில் ஒட்டிய மண் அத்தனையும் உங்கள் தட்டியில்தான் வந்து உட்காரும்.

கிட்டத்தைச் சூடாக இருக்கும்போது கடப்பாரையால் அடித்தால் அடியிலுள்ள தீச்செங்கல்லும் சேர்ந்து பெயரும். ஆறவிட்டு எடுங்கள். செங்கல் உடைந்துவிட்டதா? மலைக்குக் கீழேயே சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் இருக்கிறது, சேலத்தில் மேக்னசைட் செங்கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அது எஃகு உலைக்கான செங்கல். தினமும் சூடாகி ஆறுகிற நம் உலையில் வெடிப்பு விடும், ஈர ஆவி பட்டாலும் அதற்கு ஆகாது. அலுமினா கலந்த சாதாரணத் தீச்செங்கல்தான் இங்கே பொருத்தம்.

பாய்லருக்குள் தார், அடியில் தண்ணீர் சொட்டு

பாய்லர் ஓட்டையாகிவிட்டது என்று பதறி அழைப்பார்கள். சொட்டுகிற தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். பழுப்பாக, புகை வாசத்தோடு, புளிப்பாக இருந்தால் அது பாய்லர் தண்ணீர் இல்லை. புகையிலிருக்கிற ஆவி குளிர்ந்த இரும்பில் பட்டு வேர்க்கிறது. தொட்டியிலிருந்து பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால் இது நடக்கும். அந்த வேர்வை இரும்பை அரித்து, நாளடைவில் நிஜமாகவே ஓட்டை போடும்.

திரும்பும் குழாயில் ஒரு கலப்பு வால்வு இருக்கும், சூடான தண்ணீரைக் கொஞ்சம் கலந்து 60 டிகிரியாக்கி உள்ளே விடுவது அதன் வேலை. அது சிக்கிக்கொண்டிருக்கும். ஏற்காட்டில் இதை ஒரு வருடத்துக்கும் மேலாக யாரும் கவனிக்கவில்லை, நானும் சேர்த்துத்தான். சேகோ ஆலையில் பாய்லர் நாள் முழுக்க கொதித்துக்கொண்டே இருக்கும், இந்தத் தொல்லை எனக்குப் பழக்கமில்லை. இங்கே தினமும் 18 டிகிரித் தண்ணீரில் ஆரம்பிக்கிறோம்.

கரண்ட் போய்விட்டது, தொட்டியில் 'டம டம' என்கிறது

விசிறியும் ஸ்க்ரூவும் நின்றதால் தீ தானாக அடங்கும். தட்டியில் கிடக்கும் சில்லு கொஞ்சம்தான், விறகு உலைபோல் பயமில்லை. ஆனால் பம்பும் நின்றுவிட்டது, பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். அது கொதிக்கிற சத்தம்தான் அந்த 'டம டம'. உலைக் கதவைத் திறக்காதீர்கள், காற்று பட்டால் தீ மறுபடி கிளம்பும். பம்பை மட்டும் ஒரு இன்வெர்ட்டரில் போட்டு வைப்பது நல்ல செலவு.

கன்ட்ரோலரில் 'உச்ச வெப்பம்' எவ்வளவுக்கு வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். எங்களுடையதில் 95 என்றிருந்தது. சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 95-இல் நிறுத்தினால் போதும். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் 95-லேயே கொதித்துவிடும். சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டி பாய்லருக்கு மேலே உயரமாக இருந்தால் அந்த நீரின் அழுத்தம் கொஞ்சம் காப்பாற்றும், எங்கள் தொட்டி பாய்லர் தலைக்கு மேலே ஒரு முழம்தான். கொதித்த பிறகு நிறுத்தி என்ன பயன்? 85-க்கு இறக்கினேன், சத்தம் நின்றது.

ஸ்க்ரூக் குழாய் சுடுகிறது

இங்கே யோசிக்க நேரமில்லை. தீ சில்லுப் பாதையில் பின்வாங்கி ஹாப்பரை நோக்கி வருகிறது. ஹாப்பர் மூடியைத் திறக்காதீர்கள். கரண்ட் இருந்தால் ஸ்க்ரூவை முன்னோக்கி ஓடவிட்டு எரியும் சில்லை உலைக்குள்ளேயே தள்ளுங்கள். தண்ணீர் வால்வு தானாகத் திறக்கவில்லை என்றால் கையால் திறந்து குழாயை நனைத்துவிடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அடங்கிய பிறகு காரணம் தேடலாம்: தீ ஹாப்பருக்குப் போகாமல் தடுக்கும் சுழல் வால்வின் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது ஹாப்பர் காலியாகிக் காற்று பின்னாலிருந்து இழுத்திருக்கும். அந்தத் தண்ணீர் வால்வை மாதம் ஒருமுறை கையால் திருப்பிப் பாருங்கள். எங்களுடையது ஒருமுறை துருப்பிடித்து அசையாமல் நின்றது. நல்லவேளை, சோதனையில்தான் தெரிந்தது.

சில்லுக் குவியலிலிருந்து ஆவி எழுகிறது

பச்சைச் சில்லைக் குவித்த சில நாட்களில் உள்ளே 50, 60 டிகிரி வரை ஏறும், சாணக் குவியல் மாதிரி. விடியற்காலையில் ஆவி தெரிவதைப் பார்த்துத் தீ என்று ஓட வேண்டாம். ஆனால் அது உங்கள் எரிபொருள் உங்களுக்கு முன்னால் தானே தன்னைத் தின்றுகொள்வது. மூன்று மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மேலே ஏறி மிதித்து அமுக்காதீர்கள், முதலில் வந்ததை முதலில் எரியுங்கள். கிளறும்போது வெள்ளைப் பூசணப் பொடி பறந்தால் மூக்குக்கு நல்ல மாஸ்க் கட்டுங்கள், கைக்குட்டை போதாது. அந்தப் பொடி நாள்பட நெஞ்சில் தங்கும்.

ஒரு பிளாக்கில் மட்டும் வெந்நீர் வரவில்லை

பாய்லர் அறைக்கு வராதீர்கள், அங்கே ஒன்றுமில்லை. தொட்டி சூடாக இருக்கிறது, ஆண் பிள்ளைகள் பக்கம் ஆவி பறக்கிறது, பெண் பிள்ளைகள் பக்கம் மட்டும் பச்சைத் தண்ணீர் என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. மேல் தொட்டி ஒருமுறை காலியாகி மறுபடி நிரம்பினால் இப்படி ஆகும். வார்டன் அம்மாவிடம் போனில் சொல்லியே சரிசெய்யலாம். மொட்டை மாடியில் அந்த பிளாக்குக்குப் போகும் குழாய் வளைகிற உயரமான இடத்தில் கட்டைவிரல் அளவு வால்வு இருக்கும். அரைத் திருப்பு திறந்தால் 'உஸ்ஸ்' என்று காற்று போகும், நடுநடுவே துப்பும், பிறகு தண்ணீர் ஒரே சீராக வரும், மூடிவிடலாம். வருவது 60 டிகிரித் தண்ணீர், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறங்கள்.